ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்: மோதலைத் தீர்க்கவும் பொய் அலாரத்தைக் கண்டுகொள்ளவும்

புதிய மடிக்கணினியைத் திறந்தவுடன் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பு எதிரே வந்து நிற்கும். விண்டோஸுடன் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரும் வந்திருக்கும். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று நீங்களோ வீட்டில் வேறு யாரோ இன்னொன்றையும் நிறுவியிருப்பீர்கள். அன்றிலிருந்து சிறிய கோப்பைத் திறக்கவும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உலாவி தானாக மூடிக்கொள்கிறது. 'ஆபத்து கண்டறியப்பட்டது' என்று மூலையில் ஒரு பெட்டி எழும்புகிறது. நீக்கினால் சற்று நேரத்தில் மறுபடியும் அதுவே எழும்புகிறது.

வீட்டுக் கணினி ஒன்றை இந்த நிலையிலிருந்து மீட்பதற்குள் எனக்குப் பல மாலைகள் போய்விட்டன. வேலை கடினமானது அல்ல. எதை முதலில் செய்வது, எதற்கு முன்னால் எதைக் குறித்துவைப்பது என்ற வரிசை தெரியாவிட்டால்தான் அவதி. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்களுக்காக எழுதுகிறேன். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் எதையும் தொடாதீர்கள். அதில் இரண்டு நிரல்கள் ஒன்றாக ஓடும்படி நிர்வாகிகளே அமைத்திருக்கலாம், அவர்களிடம் கேளுங்கள்.

நேரம், செலவு பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லும் எதற்கும் பணம் கட்டத் தேவையில்லை. நிரலை நீக்கிச் சரிபார்க்க ஓரிரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன்பின் ஓடும் முழு ஸ்கேன், டிஸ்க்கின் அளவையும் வேகத்தையும் பொறுத்து ஒரு மணி நேரத்திலும் முடியலாம், பல மணி நேரமும் ஆகலாம். மறுநாள் காலையில் ஏதாவது சமர்ப்பிக்க வேண்டிய இரவில் இதைத் தொடங்காதீர்கள்.

1. எது எதனோடு மோதும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாதுகாப்பு நிரல்கள் எல்லாமே ஒன்றோடொன்று மோதுவதில்லை. எப்போதும் விழித்திருந்து கண்காணிப்பவைதான் மோதும். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஆன்டிவைரஸின் டிரைவர் (விண்டோஸின் ஆழத்தில் ஓடும் அதன் பகுதி) இடைமறித்துச் சோதிக்கிறது. இரண்டு நிரல்கள் இப்படி அமர்ந்திருந்தால், முதலாவது சோதிப்பதற்காகத் திறக்கும் கோப்பையே இரண்டாவது இன்னொரு புதிய நிகழ்வாகக் கண்டு சோதிக்கத் தொடங்கும். ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும். நீங்களும் காத்திருப்பீர்கள். ஒரே உறையில் இரண்டு வாள் என்பது இதுதான்.

கோப்புக் கண்காணிப்பு, ஃபயர்வால் (கணினிக்கும் இணையத்துக்கும் இடையிலான போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு), இணையக் கவசம் ஆகிய மூன்று இடங்களில் மோதல் வரும். இணையக் கவசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. https என்று தொடங்கும் பாதுகாப்பான தளங்களின் போக்குவரத்தைப் பிரித்துப் பார்ப்பதற்காகச் சில ஆன்டிவைரஸ்கள் தங்கள் சொந்தச் சான்றிதழை (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சீட்டு) விண்டோஸில் பதித்து, உலாவிக்கும் தளத்துக்கும் நடுவில் நின்றுகொள்கின்றன. இரண்டு நிரல்கள் இப்படி நடுவில் நின்றால், நல்ல தளங்களுக்கும் 'சான்றிதழ் நம்பத்தக்கது அல்ல' என்ற எச்சரிக்கை வரலாம். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைச் (சில உலாவிகளில் அது பூட்டு) சொடுக்கிச் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். அங்கே ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் குறுக்கே நிற்பது அதுதான்.

நீங்கள் அழைத்தால் மட்டும் ஓடி, முடிந்ததும் ஒதுங்கிவிடும் ஸ்கேனர்கள் இந்தச் சண்டையில் இல்லை. அவற்றை 6ஆம் படியில் பார்ப்போம்.

2. என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். கீழே இடது மூலையில் உள்ள 'செட்டிங்ஸ்' சக்கரத்தைச் சொடுக்கி, 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்பதற்குப் போங்கள். ஆன்டிவைரஸ், ஃபயர்வால், இணையப் பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் எந்த நிரல் பதிவாகியிருக்கிறது, எது இயக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் காட்டும். சண்டை எங்கே என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலை மட்டும் நம்பிவிடாதீர்கள். விண்டோஸிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ளாமலே கண்காணிக்கும் நிரல்களும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' (விண்டோஸ் 10இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்') பட்டியலையும், டாஸ்க் மேனேஜரில் உள்ள 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். கணினியைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று சொல்லும் நிரல்களையும் விடாதீர்கள். அவற்றில் சிலவற்றுக்குள் ஒரு முழு ஆன்டிவைரஸே ஒளிந்திருக்கும்.

சாதாரண விண்டோஸ் 10, 11இல் வேறொரு ஆன்டிவைரஸ் முறையாகப் பதிவானால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். எனவே 'டிஃபெண்டரும் இன்னொன்றும்' என்பது பெரும்பாலும் சிக்கல் ஆவதில்லை. வெளியிலிருந்து வந்த இரண்டு நிரல்கள் சேர்ந்திருப்பதுதான் உண்மையான சிக்கல். பதிவு செய்துகொள்ளாத ஒரு நிரல் டிஃபெண்டரோடு ஓடுவதும் அப்படித்தான்.

எப்போதிலிருந்து தொல்லை தொடங்கியது என்று பார்க்க இன்னொரு நல்ல இடம் உண்டு. ஸ்டார்ட்டில் 'ரிலயபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், அதில் நிரல்கள் நின்றுபோன நாட்களுக்குச் சிவப்புக் குறி. சிவப்புக் குறிகள் நெருக்கமாகத் தொடங்கும் நாளைச் சொடுக்கிப் பாருங்கள். அதே நாளிலோ முந்தைய நாளிலோ ஒரு பாதுகாப்பு நிரல் நிறுவப்பட்டதாகக் கீழே இருந்தால், எதை நீக்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

3. நீக்குவதற்கு முன் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். தயவுசெய்து ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். கணினி திறக்காமல் போனால் அதில் சேமித்த குறிப்பு உதவாது.

முதலாவது பிட்லாக்கர் மீட்பு எண். டிஸ்க்கில் உள்ளதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். 48 இலக்கங்கள் கொண்டது. 'எனக்கு அதெல்லாம் கிடையாது' என்று நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருக்கும் பல மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பின்னால் சேஃப் மோடுக்கு (மிகத் தேவையானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) போக நேர்ந்தால் கணினி இந்த எண்ணைக் கேட்கலாம். கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தந்தக் கணினியின் பெயருக்கு எதிரே மீட்பு எண் இருக்கும்.

இரண்டாவது, சந்தாவின் விவரங்கள்: எந்த மின்னஞ்சலில் வாங்கியது, உரிம எண், காலாவதித் தேதி, தானியங்கிப் புதுப்பிப்பு இயக்கத்தில் உள்ளதா என்பது. நிரலைக் கணினியிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நிரல் போன பிறகும் ஆண்டுக்கு ஆண்டு அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். முதல் ஆண்டு தள்ளுபடி விலையில் கிடைத்தது, புதுப்பிக்கும்போது முழு விலைக்கு ஏறுவதும் வழக்கம். நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் நுழைந்து தானியங்கிப் புதுப்பிப்பை அணையுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்த பிறகு அதைத் தனியே சேமியுங்கள்.

மூன்றாவது, குவாரன்டைன் பட்டியல். நீக்கப்போகும் நிரல் எந்தெந்தக் கோப்புகளைப் பிடித்து அடைத்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். நிரலை நீக்கும்போது அந்த அடைப்பும் சேர்ந்து அழிந்துபோவது சகஜம். உங்களுக்குத் தேவையான ஆவணம் எதுவும் உள்ளே இருந்தால் இப்போதே முடிவு எடுக்க வேண்டும். பட்டியலைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முக்கியமான கோப்புகளின் நகல். வெளி டிஸ்க்கில் எடுத்து, நகல் முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்.

4. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இதில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டிய சந்தா இன்னும் பல மாதங்கள் இருக்கிறது, அதனால் தொல்லையும் இல்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. அது விண்டோஸோடு வருகிறது, சந்தா கேட்பதில்லை, காலாவதி ஆவதில்லை. சோதனைப் பதிப்பு முடிந்து, அப்டேட் நின்று, ஆனால் நீக்கப்படாமல் கிடக்கும் நிரல்தான் எல்லாவற்றிலும் மோசம். இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை செய்யாது.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேராத கணினியில் எத்தனை ஆன்டிவைரஸ் அடுக்கினாலும் விண்டோஸிலேயே திருத்தப்படாமல் கிடக்கும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. இரண்டாவது நிரலுக்குப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

5. மற்றதை வேரோடு நீக்குங்கள்

ஆன்டிவைரஸ்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும். கோப்புறையை அழித்தால் நீங்காது. அப்படி முயன்றால் பாதி நிரல் மட்டும் மிஞ்சிப் புதிய தொல்லையைத் தரும். முறையான வழி இதுதான்.

முதலில், நீக்கப்போகும் நிறுவனமே வெளியிடும் தனி நீக்கக் கருவியைப் பதிவிறக்கி வையுங்கள். அவாஸ்ட், ஏவிஜி, மெக்காஃபி, நார்டன், ஈசெட், காஸ்பர்ஸ்கி, பிட்டிஃபெண்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கருவி உண்டு. நிறுவனத்தின் சொந்த ஆதரவுப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடல் முடிவுகளில் 'நீக்கித் தருகிறோம்' என்று வரும் பிற தளங்களின் கருவிகள் வேண்டவே வேண்டாம். சில நீக்கக் கருவிகள் ஓடும்போது இணையம் தேவைப்படும். அதைக் கருவியின் பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். காவல் இல்லாத இடைவெளியில் கணினி வெளியுலகத்தோடு பேச வேண்டாம்.

'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். பிறகு 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' வழியாக வழக்கம்போல நிரலை நீக்குங்கள். நீக்கும் திரையில் 'உரிமத்தையும் அமைப்புகளையும் வைத்திருக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'நீக்கவேண்டாம், 60 நாள் இலவசமாகத் தருகிறோம்' என்ற வகைத் திரைகள் வந்தால் பொறுமையாகக் கடந்து போங்கள்.

அடுத்தது ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி இயக்கினால் போதாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதியும் (கெர்னல்) ஏற்றிய டிரைவர்களும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். நிரலை நீக்கிய பிறகும் தொல்லை தீரவில்லை என்று புலம்புபவர்களை நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: ரீஸ்டார்ட் செய்தீர்களா, ஷட் டவுன் செய்தீர்களா?

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தனி நீக்கக் கருவியை ஓடவிட்டு, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேஃப் மோடில் ஓட்டச் சொல்லும் கருவி என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாகப் போய் 4ஐ அழுத்துங்கள். இங்கேதான் 48 இலக்க எண் கேட்கப்படலாம். சேஃப் மோடில் விண்டோஸின் இன்ஸ்டாலர் சேவை இயல்பாக ஓடாது. அதனால் வழக்கமான நீக்கம் அங்கே தோற்றுப்போகக்கூடும். வழக்கமான நீக்கத்தை இயல்பு நிலையிலும் தனிக் கருவியைச் சேஃப் மோடிலும் செய்வதே சரியான வரிசை.

உலாவியில் அந்த நிரல் வைத்துவிட்டுப் போன நீட்டிப்பு மிஞ்சியிருக்கும். நீட்டிப்புகள் பட்டியலைத் திறந்து அதையும் எடுத்துவிடுங்கள்.

6. காவல் திரும்பிவிட்டதா என்று சோதியுங்கள்

டிஃபெண்டரையே தேர்ந்தெடுத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் நீக்கிய பிறகு அது தானாக விழித்துக்கொள்ள வேண்டும். விழித்ததா என்று கண்ணால் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்' இயக்கத்தில் இருக்க வேண்டும். இணையத்தை மீண்டும் இணைத்து அப்டேட் கொடுங்கள். கடைசியாகப் புதுப்பித்த நாள் இன்றைய தேதியாக மாற வேண்டும்.

அதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் ஐக்கார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி, அவ்வளவுதான். அது வைரஸ் அல்ல. ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே எல்லா நிறுவனங்களும் பிடிக்க ஒப்புக்கொண்டது. ஐக்கார் அமைப்பின் தளத்தில் கிடைக்கும். அந்த வரியை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தவுடன் டிஃபெண்டர் கத்த வேண்டும். கத்தினால் எல்லாம் சரி.

இரண்டாவது கருத்து வேண்டும் என்ற உங்கள் விருப்பம் நியாயமானது. அதைக் கைவிட வேண்டாம். எப்போதும் விழித்திருக்கும் இரண்டாவது நிரலுக்குப் பதிலாக, அழைத்தால் வரும் ஸ்கேனரை வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் ஆகியவை இந்த வகை. சேஃப்டி ஸ்கேனர் பதிவிறக்கிய 10 நாட்களில் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். மால்வேர்பைட்ஸை நிறுவினால் கட்டணப் பதிப்பின் சோதனைக் காலம் தொடங்கி, அது முடியும்வரை எப்போதும் கண்காணிக்கும் நிரலாகவே நடந்துகொள்ளும். அமைப்புகளுக்குள் போய்ச் சோதனைக் காலத்தை முடித்துவைத்தால் அழைத்தால் மட்டும் வரும் ஸ்கேனராக மாறிவிடும்.

வெளி நிரலை வைத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில் டிஃபெண்டருக்கான விருப்பங்களில் 'பீரியாடிக் ஸ்கேனிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்கினால் டிஃபெண்டர் கண்காணிப்பில் குறுக்கிடாமல் அவ்வப்போது ஒரு ஸ்கேன் மட்டும் செய்துவிட்டுப் போகும். மோதல் இல்லாத இரண்டாவது கண் என்றால் இதுதான் ஆகச் சிறந்தது.

7. அலாரம் அடித்தால்: கத்தியது யார், எதைப் பார்த்து?

பொய் அலாரத்தில் இழப்பு இரண்டு வகையில் வரும். நல்ல கோப்பை அழித்துவிடுவது ஒன்று. 'இது எப்போதும் இப்படித்தான்' என்று பழகிப்போய் உண்மையான எச்சரிக்கையைத் தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அதனால் ஒவ்வொரு அலாரத்துக்கும் சில நிமிடம் கொடுங்கள்.

முதலில் யார் கத்தியது என்று பாருங்கள். மூலையில் வரும் பெட்டியில் சிறிய எழுத்தில் உலாவியின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால் அது ஆன்டிவைரஸே அல்ல. எப்போதோ ஒரு தளத்துக்கு 'அறிவிப்பு அனுப்பலாம்' என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். அது ஆன்டிவைரஸ் வேடம் போட்டுப் பயமுறுத்துகிறது. உலாவியின் அறிவிப்பு அமைப்பில் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. திரை முழுவதும் மறைத்துக்கொண்டு 'உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடிவிடுங்கள்.

உண்மையான நிரல்தான் கத்தியது என்றால், அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து கோப்பின் முழுப் பாதையையும் படியுங்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கோப்பு இருக்கும் இடம்தான் பாதிக் கதையைச் சொல்லும்.

நான் பார்த்த கணினியில் இரண்டு நிரல்களின் பதிவேடுகளையும் அருகருகே திறந்து வைத்து, நேரத்தை வரிக்கு வரி ஒப்பிட்டேன். மின்னஞ்சலில் வந்த ஒரு ஜிப் கோப்பை முதல் நிரல் பிடித்துக் குவாரன்டைனுக்கு மாற்றுகிறது. மாற்றும் நொடியில் உருவாகும் தற்காலிகக் கோப்பை இரண்டாவது நிரல் பிடிக்கிறது. அதே நிமிடத்தில் முதல் நிரல் 'நீக்க முடியவில்லை, கோப்பு வேறொரு நிரலின் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதுகிறது. பிறகு மீண்டும் முயல்கிறது. மீண்டும் ஒரு தற்காலிகக் கோப்பு, மீண்டும் ஓர் அலாரம். வெளியிலிருந்து பார்த்தால் கணினி முழுவதும் தொற்று பரவுவது போலத் தெரியும். உள்ளே இருந்ததோ ஒரே ஒரு ஜிப் கோப்பு. பாதையில் இன்னொரு பாதுகாப்பு நிரலின் கோப்புறைப் பெயர் தெரிந்தால் இந்த வகையைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

பாதையில் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று இருந்தால் அது பழைய மீட்புப் புள்ளிக்குள் கிடப்பது. அந்தப் புள்ளிக்குத் திரும்பாதவரை ஓடாது. உலாவியின் கேஷ் (பார்த்த பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பு) என்றால் கேஷைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் உள்ள கோப்பு என்றால் அவசரமே வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. பல நிறுவனங்களில் கணினிகள் மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகி முடங்கின. அப்படிப்பட்ட தவறு எந்த நிறுவனத்துக்கும் நேரலாம்.

அடுத்து, பிடித்த ஆபத்துக்கு ஆன்டிவைரஸ் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' அல்லது அவற்றின் சுருக்கங்கள், டிஃபெண்டரில் பெயரின் கடைசியில் வரும் 'எம்எல்' போன்றவை, அறியப்பட்ட ஒரு வைரஸோடு அப்படியே பொருந்தவில்லை, சாயலை வைத்து ஊகித்தேன் என்று சொல்கின்றன. பொய் அலாரம் இங்கேதான் அதிகம். 'பியூஏ' என்றால் வேண்டாத நிரல். விளம்பரம் காட்டுவது, கூடவே வேறு நிரலை நிறுவுவது போன்றவை. 'ரிஸ்க்வேர்', 'ஹேக்டூல்' என்பவை தவறான கையில் ஆபத்தான கருவிகள்; மறந்த கடவுச்சொல்லை மீட்கும் சிறு கருவிகள் அடிக்கடி இதில் சிக்கும். சில ஸ்கேனர்கள் குக்கிகளையும் (தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) ஆபத்து என்று எண்ணி '143 ஆபத்துகள்' என்பது போல எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து கட்டணப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள்.

8. கோப்பைச் சோதிக்கும் முறை

எப்போதும் குவாரன்டைனைத் தேர்ந்தெடுங்கள், அழிக்காதீர்கள். குவாரன்டைனில் இருக்கும் கோப்பால் தீங்கு செய்ய முடியாது. தவறு என்று தெரிந்தால் திரும்ப எடுக்கலாம்.

வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஒரு கோப்பை 70க்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் பார்த்துச் சொல்லும். கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். வங்கி அறிக்கை, மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை நகல் போன்ற எதையும் ஏற்றாதீர்கள். அத்தகைய கோப்புக்கு எஸ்ஹெச்ஏ-256 கைரேகை எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) மட்டும் கணக்கிட்டு அந்த எண்ணைத் தேடலாம். அதே கோப்பை வேறு யாராவது முன்பே ஏற்றியிருந்தால் முடிவு கிடைக்கும், உங்கள் கோப்பு வெளியே போகாது.

முடிவைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்து சிவப்பு என்றால் ஐந்து தனித்தனிக் கருத்துகள் என்று பொருள் அல்ல. அவாஸ்டும் ஏவிஜியும் ஒரே என்ஜினைப் (வைரஸைக் கண்டறியும் உள் பகுதி) பயன்படுத்துகின்றன. பிட்டிஃபெண்டரின் என்ஜினை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் நிரல்கள் பல. ஒரே பெயர் பல வரிகளில் அச்சு அசலாக வந்தால் அதை ஒரே கருத்தாக எண்ணுங்கள். அதிகம் அறியப்படாத ஓரிரண்டு நிரல்கள் மட்டும் ஊகப் பெயரோடு சிவப்புக் காட்டி, பெரிய நிரல்கள் எதுவும் கண்டுகொள்ளாவிட்டால் பொய் அலாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். பல பெரிய நிறுவனங்கள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் வாதாடாதீர்கள், அந்தக் கோப்பைக் கைவிடுங்கள். நேற்றுதான் உருவான கோப்பு என்றால் எல்லாம் பச்சையாக இருப்பதும் போதிய சான்று அல்ல. சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

கோப்பை வலச் சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவல் இருக்கலாம். நீங்கள் நினைக்கும் நிறுவனத்தின் கையொப்பம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் அது நல்ல அறிகுறி. தனிநபர்கள் எழுதிக் கையொப்பமிடாமல் வெளியிடும் சிறு நிரல்களும், பைத்தானில் எழுதி ஒரே கோப்பாகச் சுருக்கியவையும் குற்றமில்லாமலே அடிக்கடி பிடிபடும். அவற்றை எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுத்தீர்களா என்பதே அங்கே முக்கியமான கேள்வி.

9. விலக்கு கொடுப்பதும் புகார் அனுப்புவதும்

பொய் அலாரம் என்று முடிவானால் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். அந்த ஒரு கோப்பை மட்டும் சேருங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையையோ தற்காலிகக் கோப்புறையையோ சி டிரைவையோ மொத்தமாக விலக்காதீர்கள். ஒரு கோப்புறையை விலக்கினால் அதற்குள் இருக்கும் எல்லாக் கோப்புறைகளும் சேர்ந்து விலகிவிடும். 'எங்கள் நிரலை நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணையுங்கள்' என்று சொல்லும் தளத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தீய நிரல்கள் தங்களைத் தாங்களே அதில் சேர்த்துக்கொள்வது உண்டு. நீங்கள் சேர்க்காத வரி ஒன்று அங்கே இருந்தால் அது பெரிய எச்சரிக்கை.

இரண்டு நிரல்களையும் வைத்தே ஆகவேண்டிய கட்டாயம் உள்ளவர்கள், ஒவ்வொன்றிலும் மற்றதன் நிறுவல் கோப்புறையையும் குவாரன்டைன் கோப்புறையையும் விலக்கி, ஃபயர்வாலையும் இணையக் கவசத்தையும் ஒன்றில் மட்டும் வைத்து, ஸ்கேன் நேரங்களை வெவ்வேறு நாட்களில் போடுங்கள். தொல்லை குறையும். முழுதாகத் தீராது.

தவறாகப் பிடிக்கப்பட்ட கோப்பை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மைக்ரோசாஃப்ட் உட்பட எல்லாப் பெரிய நிறுவனங்களும் இதற்குத் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன, கட்டணம் இல்லை. கண்டறிந்த பெயர், நிரலின் பதிப்பு, வைரஸ் வரையறையின் (அப்டேட்டில் வரும் அடையாளப் பட்டியல்) பதிப்பு, கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது ஆகிய நான்கும் தயாராக இருக்கட்டும். கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாக அனுப்பச் சொல்வார்கள். இல்லையென்றால் வழியில் வேறொரு ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துவிடும். பதில் சில மணி நேரத்திலும் வரலாம், சில நாட்களும் ஆகலாம். அதுவரை விலக்குக் கொடுக்காமல் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். திருத்தம் அப்டேட்டாக வந்ததும் விலக்கை எடுத்துவிடுங்கள்.

10. இவை பொய் அலாரம் அல்ல

டிஃபெண்டரை இயக்கினால் தானாக அணைந்துகொண்டே இருப்பது, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் போவது, நீக்கிய கோப்பு வேறு எந்தப் பாதுகாப்பு நிரலும் இல்லாத நிலையிலும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்ப வருவது, ஆவணங்களின் பெயருக்குப் பின்னால் புதிய ஒட்டு சேர்ந்து திறக்க மறுப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிரல்களின் மோதல் என்று நினைத்துக் காலம் கடத்தாதீர்கள்.

இணையத்தைத் துண்டித்துவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். தொடங்குவதற்கு முன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். கடவுச்சொற்களை மாற்ற இந்தக் கணினியைப் பயன்படுத்தாதீர்கள். வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ, மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்கி மாற்றுங்கள். நகல் எடுத்து வைத்த வெளி டிஸ்க்கை, கணினி சுத்தமானது என்று உறுதியாகும்வரை அதில் செருகாதீர்கள்.